அப்பாவின் சைக்கிளுக்கு போலீஸ் டிக்கெட்! இங்கே சைக்கிளுக்கும் இவ்வளவு சட்டமா?

கூழாங்கல் (பே ஏரியா, கலிபோர்னியா)

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். நேற்று நடந்ததைக் கேட்டே ஆக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பா செப்டம்பரில் வந்தார். வயது 68. விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பள்ளிக்குப் போனதும் வந்ததும் சைக்கிளில்தான். இங்கே வந்த இரண்டாவது வாரமே, "கார் இல்லாம ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட போக முடியாதா இந்த ஊர்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். கராஜ் சேல் ஒன்றில் 40 டாலருக்குப் பழைய சைக்கிள் கிடைத்தது. தானே செயினுக்கு எண்ணெய் விட்டார், பின்னால் ஒரு கேரியர் மாட்டினார், ஹேண்டில்பாரில் மஞ்சப்பையைத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து ஆளே வேறு.

நேற்று சாயங்காலம் என் பையனை (ஆறு வயது) கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கிலிருந்து திரும்பியிருக்கிறார். போன வாரம்தானே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள்! ஐந்தே முக்காலுக்கே கும்மிருட்டு. சைக்கிளில் லைட் இல்லை. பையன் தலையில் ஹெல்மெட் இல்லை. போதாததற்குச் சாலையின் இடது ஓரமாக, வருகிற கார்களுக்கு எதிர்முகமாக வந்திருக்கிறார். எதிரே வந்த போலீஸ் கார் விளக்கைச் சுழலவிட்டதும், ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவது போல ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்திருக்கிறார். தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை.

போலீஸ்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். எனக்கு போன் போட்டுக் கொடுத்தார், நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஹெல்மெட்டுக்கும் இடது பக்கம் வந்ததற்கும் வாயால் எச்சரிக்கை. லைட் இல்லாததற்கு டிக்கெட். அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. "விசாவுல ஏதும் எழுதிருவாங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? வேறு என்னென்ன சட்டம் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிதிவண்டி_மாமா (சான் ஹோசே)

முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. இது பெரிய விஷயமே இல்லை.

டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். சரிசெய்யக்கூடிய குறை என்று குறித்திருந்தால் அதைத்தான் இங்கே ஃபிக்ஸ்-இட் டிக்கெட் என்பார்கள். லைட்டை மாட்டி, போலீஸ் ஸ்டேஷனில் சைக்கிளைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, கெடு தேதிக்குள் 25 டாலர் கட்டணத்தோடு கோர்ட்டுக்கு அனுப்பினால் தீர்ந்தது. இது இன்ஃப்ராக்‌ஷன் என்ற சில்லறை வகை. இதற்காக விசாவில் சிக்கல் வந்ததாக இருபது வருஷத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கெடு தேதியைக் கோட்டை விடாதீர்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆஜராகாமல் இருந்தால் அது தனிக் குற்றம், சில்லறை வகையிலிருந்து மேலே போய்விடும்.

இனி சட்டம். கலிபோர்னியா வாகனச் சட்டம் 21200-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: காருக்கு என்ன உரிமையும் கடமையும் உண்டோ அதுவே சைக்கிளுக்கும். ஊரில் சைக்கிள் என்றால் நடப்பவனுக்குச் சற்று மேலே, மோட்டாருக்கு வெகு கீழே. இங்கே அது ஒரு வண்டி. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

லைட்டைப் பற்றி 21201 சொல்கிறது. இருட்டு என்பதற்கே சட்டத்தில் கணக்கு உண்டு: சூரியன் மறைந்து அரை மணி கழித்து ஆரம்பம், உதிக்க அரை மணி இருக்கும்போது முடிவு. நவம்பர் நடுவில் நம் பக்கம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஆக ஐந்தரையிலிருந்து லைட் வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, 300 அடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும். இங்கத்திய ஃபுட்பால் மைதானத்தின் நீளம் அது. பின்னால் 500 அடிக்குத் தெரியும் சிவப்பு ரிஃப்ளெக்டர். பெடலிலோ, ஷூவிலோ, கணுக்காலிலோ 200 அடிக்குத் தெரிகிற வெள்ளை அல்லது மஞ்சள் ரிஃப்ளெக்டர். பக்கவாட்டிலும் உண்டு. கடையில் புது சைக்கிள் வாங்கினால் ரிஃப்ளெக்டர் எல்லாம் அதிலேயே இருக்கும், விளக்கு மட்டும் நாம் வாங்க வேண்டும். கராஜ் சேல் சைக்கிளில் ரிஃப்ளெக்டரும் உடைந்து போயிருக்கும். இன்றைக்கே பாருங்கள்.

கேரியரில் பேரன் வந்தாரே, அதைப் போலீஸ்காரர் கண்டுகொள்ளாமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம். டபுள்ஸ் இங்கே கிடையாது. பின்னால் உட்காருபவருக்குத் தனி சீட் வேண்டும், கேரியர் சீட் ஆகாது. நாலு வயது அல்லது அதற்குக் கீழே, இல்லை 40 பவுண்டுக்குள் எடை என்றால் பெல்ட் வைத்த குழந்தை சீட்டே வேண்டும். 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் ஹெல்மெட், பின்னால் உட்கார்ந்து வந்தாலும். அதற்கு அபராதம் 25 டாலர்தான். 120 நாளுக்குள் ஹெல்மெட் வாங்கி, ஒரு பாதுகாப்பு வகுப்பும் முடித்ததாகப் பெற்றோர் காட்டினால் அதையும் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

அப்பா பாஸ்போர்ட் பிரதி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் டிக்கெட் எழுதும்போது ஆள் யார் என்று காட்ட வேண்டும்.

எடிசன்வாசி (நியூ ஜெர்சி)

மாமா சொன்னது கலிபோர்னியாக் கணக்கு. இழையைப் படிக்கிற மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எங்கள் நியூ ஜெர்சியில் ஹெல்மெட் வயது 17-க்குக் கீழே. முன் விளக்கு 500 அடிக்குத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், இங்கே மணி கட்டாயம்! 100 அடிக்குக் கேட்க வேண்டும், விசிலும் சைரனும் கூடாது. இரண்டாயிரம் டாலர் கார்பன் சைக்கிளில் பறக்கிற நம்ம ஆட்கள் யாரிடமும் மணி கிடையாது. உங்கள் அப்பா சைக்கிளில் நிச்சயம் இருக்கும், பந்தயம்.

கூழாங்கல்

மணி இருக்கிறது! முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிதிவண்டி மாமாவுக்கு மிக்க நன்றி. இன்று காலை இட்லி சாப்பிட்டார். ஆனால் இடது பக்க விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். பழக்க தோஷம் என்று நான் நினைத்தேன், அப்படி இல்லையாம். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி இடது பக்கம் நடக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார். "நடக்கறவனுக்கு அதுதான் பாதுகாப்புன்னா சைக்கிளுக்கும் அதுதானே? முதுகுக்குப் பின்னால வர்ற காரை நான் எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்கிறார். வாத்தியாரிடம் வாதாடி ஜெயிக்க முடியவில்லை.

ஹில்ஸ்போரோ_கண்ணன் (ஓரிகன்)

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான், பதில் சொல்லியாக வேண்டும். நடப்பவருக்கு அது சரி, நடக்கிற வேகம் மூன்று மைல். நின்று ஒரு எட்டு ஒதுங்கிவிடலாம். சைக்கிள் 12 மைலில் போகிறது. 30 மைலில் வருகிற காருக்கு எதிரே போனால் இரண்டும் சேர்ந்து 42 மைலில் நெருங்குகின்றன. கார் போகிற திசையிலேயே போனால் வித்தியாசம் 18 மைல்தான். டிரைவருக்கு நம்மைப் பார்க்க, பிரேக் பிடிக்க, ஒதுங்கக் கிடைக்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல்.

அதைவிடப் பெரிய ஆபத்து குறுக்குச் சாலையில். 2016-ல் வந்த புதிதில் நானும் அப்பா மாதிரியே இடது பக்கம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கடையின் பார்க்கிங்கிலிருந்து ஒருவர் வலது பக்கம் திரும்ப வெளியே வந்தார். வலது பக்கம் திரும்புபவருக்கு வண்டிகள் வருவது இடது பக்கமிருந்துதானே? அவர் கழுத்து அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. நான் வந்தது அவருக்கு வலப்புறம். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய காதும் கண்ணாடிக் காம்பும்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை. கார் நகர்ந்துவிட்டது. பானட்டில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு விழுந்தேன். முழங்கை மட்டும் தேய்ந்தது, வேறொன்றும் இல்லை. இறங்கி வந்த அவர் நடுங்கிக்கொண்டே, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

அப்பாவை ஒரு நாள் காரில் முன் சீட்டில் உட்கார வைத்து, பார்க்கிங்கிலிருந்து வலது பக்கம் திரும்பிக் காட்டுங்கள். டிரைவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பின்னால் வருவதைப் பார்க்க ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிவிடுங்கள், பத்துப் பதினைந்து டாலர்தான்.

கார்_கட்சி (இர்வின்)

எல்லோரும் சைக்கிள்காரர்கள் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுக்கமான சைக்கிள் உடை போட்ட லைக்ராக் கூட்டம் லேன் நடுவில் போகிறது. ஓரமாகப் போனால் என்னவாம்? ஸ்டாப் சைனில் ஒருத்தர் நிற்பதில்லை. அப்பா பாவம், வயதானவர், அவருக்கு டிக்கெட். இவர்களை யார் பிடிப்பது?

மிதிவண்டி_மாமா

கார்_கட்சி சார், அந்த லைக்ராக் கூட்டத்தில் நானும் ஒருவன், வேறு ஊரில். தொப்பையோடு.

லேன் நடுவில் போவதைச் சட்டமே அனுமதிக்கிறது. 21202-ஆவது பிரிவு, நடைமுறைக்கு ஏற்ற அளவுக்கு வலது ஓரமாகப் போ என்கிறது. சாக்கடை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போ என்று சொல்லவில்லை. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன: முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது, இடது பக்கம் திரும்பப் போகும்போது, கண்ணாடித் துண்டு, பள்ளம், நிறுத்திய கார் இருக்கும்போது, வலது திருப்பம் வரும் இடத்தில். அப்புறம் முக்கியமானது, காரும் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாத அளவுக்கு லேன் குறுகலாக இருக்கும்போது. நம் ஊர்களில் பாதி லேன் அந்தக் கணக்கில் வரும். அங்கே ஓரத்தில் போனால், இடுக்கில் நுழைந்து போய்விடலாம் என்ற சபலம் கார்க்காரருக்கு வரும். நடுவில் போனால் வராது.

2014 செப்டம்பரிலிருந்து, தாண்டிப் போகிற கார் குறைந்தது மூன்றடி இடைவெளி விட வேண்டும். 2023 முதல், பக்கத்து லேன் காலியாக இருந்தால் அதற்கே மாறித்தான் தாண்ட வேண்டும். மீறினால் அடிப்படை அபராதம் 35 டாலர், மோதிக் காயம் ஆனால் 220. பிள்ளைக்கு வாங்கும் சைக்கிளின் விலைகூட இல்லை, அது வேறு கதை.

உங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. மலைப்பாதை மாதிரி இருவழிச் சாலையில் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி வழிவிட வேண்டும், சைக்கிளும்தான். அதை எங்கள் கூட்டம் சரியாகச் செய்வதில்லை.

பிளேனோ_பாண்டியன் (டெக்சாஸ்)

மூன்றடியாவது இருக்கிறதே, கொடுத்து வைத்தவர்கள். டெக்சாஸில் மாநிலம் முழுமைக்குமான இடைவெளிச் சட்டம் 2009-ல் இரு சபையிலும் நிறைவேறிவிட்டது. அப்போதைய கவர்னர் ரிக் பெர்ரி வீட்டோ போட்டார். அதற்கப்புறம் ஆஸ்டின், சான் அன்டோனியோ, ஹூஸ்டன் என்று ஊர் ஊராகத் தனி விதி போட்டுக்கொண்டார்கள். மாநில ஹெல்மெட் சட்டமும் கிடையாது. டல்லாஸ் நகர எல்லைக்குள் 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஹெல்மெட் வேண்டும், எல்லையைத் தாண்டினால் சட்டப்படி வேண்டாம். பையன் எந்தத் தெருவில் விழுகிறான் என்பதைப் பொறுத்து மண்டைக்கு மதிப்பு.

எடிசன்வாசி

நியூ ஜெர்சியில் 2022 மார்ச்சிலிருந்து நாலடி. பக்கத்து பென்சில்வேனியாவில் 2012-லேயே நாலடி. தெற்கு டகோட்டாவில் வேக வரம்பு 35 மைலுக்கு மேல் இருக்கும் சாலையில் ஆறடி! அங்கே சைக்கிள் ஓட்டுபவர் எத்தனை பேரோ.

ஹில்ஸ்போரோ_கண்ணன்

ஓரிகனில் அடிக்கணக்கே கிடையாது. வேகச் சாலையில், சைக்கிள்காரர் அப்படியே கார் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் படாத தூரம் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆறடி மனிதன் விழுந்தால் ஆறடி. எனக்குப் பிடித்த சட்ட வாசகம் இது, டேப் எடுத்து அளக்க வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரியும்.

கார்_கட்சி கேட்ட ஸ்டாப் சைன் விஷயம். எங்கள் மாநிலத்தில் 2020 ஜனவரியிலிருந்து சைக்கிள் ஸ்டாப் சைனில் முழுசாக நிற்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, நடப்பவருக்கும் முந்தி வந்த வண்டிக்கும் வழிவிட்டு, யாரும் இல்லையென்றால் உருண்டு போய்விடலாம். 1982-ல் ஐடஹோ முதலில் கொண்டுவந்தது, அதனால் ஐடஹோ ஸ்டாப் என்றே பெயர். முப்பத்தைந்து வருஷம் அந்த ஒரு மாநிலம்தான். 2017-ல் டெலவேர் சேர்ந்தது, அப்புறம் ஆர்கன்சாஸ், வாஷிங்டன், யூட்டா, கொலராடோ என்று வரிசை. சும்மா சலுகை இல்லை இது. டெலவேரில் சட்டம் வருவதற்கு முந்தைய 30 மாதத்தையும் பிந்தைய 30 மாதத்தையும் ஒப்பிட்டால், ஸ்டாப் சைன் சந்திப்புகளில் சைக்கிள் விபத்து 23 சதவீதம் குறைந்திருந்தது. சந்திப்பில் சைக்கிள் எவ்வளவு நேரம் தடுமாறி நிற்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து.

மிதிவண்டி_மாமா

கண்ணன், எல்லாம் சரிதான், ஆனால் இதை நம்பிக் கலிபோர்னியாவில் யாராவது உருண்டுவிடப் போகிறார்கள். இங்கே சட்டசபையில் நிறைவேறி, 2021-ல் கவர்னர் நியூசம் வீட்டோ செய்துவிட்டார். ஆக இங்கே சைக்கிளும் முழுசாக நிற்க வேண்டும். பிடிபட்டால் அடிப்படை அபராதம் சின்னதுதான், ஆனால் அதன் தலையில் கூடுதல் கட்டணங்களை ஏற்றி ஏற்றி 200 டாலரைத் தொட்டுவிடும். சில ஊர்களில் வகுப்புக்குப் போனால் அபராதத்தைக் குறைக்கும் ஏற்பாடு உண்டு, சட்டம் அதை அனுமதிக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

அதோடு, 68 வயதில் புது நாட்டில் ஓட்டுபவருக்கு நான் உருளுவதைச் சொல்லித்தர மாட்டேன். நாலு பக்க ஸ்டாப் என்பதே அவருக்குப் புதுசு. முதலில் வந்தவர் முதலில், ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கத்துக்காரர் முதலில். ஊரில் யார் ஹாரன் சத்தம் பெரிசோ அவர் முதலில். இது கைவர ஒரு மாதம் ஆகும்.

ஹில்ஸ்போரோ_கண்ணன்

ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அப்பா நிற்கட்டும். ஆனால் நாற்பது வருஷம் ஐடஹோவில் நடந்ததைப் பார்த்த பிறகும் வீட்டோ என்றால் அது பயம்தான், பாதுகாப்பு இல்லை. அதில் மாற மாட்டேன்.

மிதிவண்டி_மாமா

மாற வேண்டாம். ஓரிகனிலேயே ஓட்டுங்கள்.

வெண்பனி (மினியாபொலிஸ்)

சண்டைக்கு நடுவில் ஒரு சேதி: மினசோட்டாவிலும் 2023-லிருந்து அந்தச் சலுகை உண்டு. ஜனவரியில் ஐஸ் மேல் நின்று கிளம்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நான் எழுத வந்தது கார்க் கதவைப் பற்றி. இங்கே வருவதற்கு முன் இருந்த ஊரில், நிறுத்தி வைத்த கார்களுக்கும் லேனுக்கும் நடுவில் பெயிண்ட் அடித்த சைக்கிள் லேன். ஒழுங்காக அதற்குள்தான் போனேன். ஒரு காரின் கதவு திறந்தது. சத்தம் வந்தது நினைவிருக்கிறது, பறந்தது நினைவில்லை. காறை எலும்பு இரண்டாக உடைந்து, ஆறு வாரம் என் தலைமுடியை என் கணவர் பின்னிவிட்டார். மிக மோசமாகப் பின்னுவார்.

கதவைத் திறந்தவர் மேல்தான் தப்பு, பெரும்பாலான மாநிலங்களில் சட்டமும் அப்படித்தான். ஆனால் எலும்பு உடைந்தது எனக்கு. இப்போது நிறுத்திய காருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவின் அகலம் விட்டுத்தான் ஓட்டுவேன், அதற்காக லேனுக்குள் வர வேண்டியிருந்தாலும் சரி. காரிலிருந்து இறங்கும்போது இடது பக்கக் கதவை வலது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். டச்சுக்காரர்கள் வழக்கமாம். மாசசூசெட்ஸ், இல்லினாய் ஓட்டுநர் கையேடுகளில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். தாத்தா பாட்டி பின் சீட்டில் வந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர்கள்தான் படக்கென்று திறப்பது.

இன்னொன்று. சைக்கிளில் போகும்போது காப்பீடு இல்லாத கார் மோதிவிட்டால், உங்கள் சொந்தக் கார் பாலிசியில் உள்ள அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் பிரிவு பெரும்பாலும் கை கொடுக்கும். பாலிசியை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். என்னை எழுந்து நிற்க வைத்தது அதுதான். ஆனால் பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீட்டைத் தனியாகப் பாருங்கள்.

இருசக்கர_அப்பா (டப்ளின், கலிபோர்னியா)

நல்ல இழை. என் பையனுக்கு 14 வயது. பள்ளிக்குப் போக இ-பைக் கேட்கிறான், வகுப்பில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்களாம். அவன் காட்டிய மாடலில் பெடல் மாதிரி ஒன்று இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் 40 மைல் போகும் என்று போட்டிருக்கிறது. சைக்கிள்தானே, லைசென்ஸ் வேண்டாம் என்கிறான். வாங்கலாமா?

மிதிவண்டி_மாமா

வாங்காதீர்கள்.

கலிபோர்னியாவில் இ-பைக் மூன்று வகை. முதல் வகை, மிதித்தால்தான் மோட்டார் உதவும், 20 மைலோடு நின்றுவிடும். இரண்டாவது வகையில் மிதிக்காமல் திருகியே ஓட்டலாம், அதுவும் 20 மைல்தான். மூன்றாவது மிதித்தால் 28 மைல் வரை உதவும். இதற்கு 16 வயது ஆக வேண்டும், எந்த வயதானாலும் ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் 750 வாட்டுக்கு மேல் கூடாது. எந்த வகை, எவ்வளவு வேகம், எத்தனை வாட் என்று பிரேமிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும்.

திருகினால் 40 மைல் போகிறது என்றால் இதில் எதிலும் சேராது. பெடல் இருந்துவிட்டால் மட்டும் சைக்கிள் ஆகிவிடாது. சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் சைக்கிள் ரகம். லைசென்ஸ், பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும், 14 வயதுப் பையனுக்கு அந்த லைசென்ஸ் கொடுக்கவே மாட்டார்கள். விபத்து நடந்தால் வீட்டுக் காப்பீடு கை விரிக்கும், வழக்கு உங்கள் பெயரில் வரும். முதல் வகையில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். "வகுப்புல பாதிப் பேர்" என்பது எல்லாத் தலைமுறைப் பிள்ளைகளும் சொல்லும் கணக்கு.

இருசக்கர_அப்பா

நானும் 14 வயதில் அதே கணக்கைச் சொல்லித்தான் கியர் சைக்கிள் வாங்கினேன். புரிந்தது, நன்றி.

கார்_கட்சி

நேற்று ஆபீஸ் போகும்போது லேன் மாறித்தான் தாண்டினேன், மாமா சந்தோஷப்படட்டும். ஒரு சந்தேகம். வலது பக்கம் திரும்பும்போது சைக்கிள் லேனுக்குள் போகலாமா கூடாதா? கோடு போட்ட லேனுக்குள் கார் போனால் தப்பு என்றுதான் நான் ஒதுங்கியே நின்று திரும்புகிறேன்.

மிதிவண்டி_மாமா

ஐயோ, அதுதான் தப்பு! நிறையப் பேர் ரோடு டெஸ்டில் கோட்டை விடுவது இதில்தான், என் மனைவி உட்பட. கலிபோர்னியாவில் திருப்பத்துக்கு 200 அடிக்குள் சைக்கிள் லேனுக்குள் பார்த்து நுழைந்து, ஓரத்துக்கு வந்துதான் வலது பக்கம் திரும்ப வேண்டும். கோடு விட்டுவிட்டு இருப்பது அதற்குத்தான். நீங்கள் இடது பக்கம் நின்றபடியே திரும்பினால், நேராகப் போகிற சைக்கிளைக் குறுக்கே வெட்டுகிறீர்கள். அதே ஓரிகனில் இது நேர் எதிர், சைக்கிள் லேனுக்குள் நுழையாமல், சைக்கிளைப் போகவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கண்ணன் காரில் இங்கே வரும்போது ஜாக்கிரதை.

கூழாங்கல்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணன் சொன்னபடி அப்பாவைக் காரில் உட்கார வைத்து, கடை பார்க்கிங்கிலிருந்து மூன்று முறை வலது பக்கம் திரும்பிக் காட்டினேன். மூன்றாவது முறை, "உன் கண்ணு அந்தப் பக்கமே போகலையேம்மா" என்றார். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. இப்போது வலது பக்கம்தான். ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டியாயிற்று. கை சிக்னலையும் படித்துவிட்டார். வலது கையை நீட்டி வலது பக்கம் திரும்புவதைக் கலிபோர்னியாச் சட்டம் சைக்கிளுக்கு அனுமதிக்கிறது என்றதும், "அப்ப அதையே பண்றேன்" என்றார். இடது கையை மேலே தூக்கி வலது என்று காட்டுவது அவருக்குச் சிரிப்பாக இருக்கிறதாம்.

பையனுக்கு ஹெல்மெட்டோடு அவனுக்கென்று ஒரு சின்ன சைக்கிளே வாங்கிவிட்டோம். கேரியரில் இப்போது காய்கறி மட்டும்தான் வருகிறது.

டிக்கெட் முடிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி வெளியே வந்தார். பகல் வெளிச்சமாக இருந்ததால் லைட்டுக்கு முன்னால் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தார், பின்னால் போய் ரிஃப்ளெக்டரைத் தொட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிஷம். 25 டாலரும் கட்டியாயிற்று. வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "அந்தக் காலத்துல லைட் இல்லாம மாட்டினா, போலீஸ்காரன் ரெண்டு டயர்லயும் காத்தைப் பிடுங்கிவிட்டுட்டுப் போயிருவான். நாலு மைல் தள்ளிக்கிட்டு வரணும். இது பரவாயில்லை."

இப்போது புதுப் பிரச்சினை. பேட்டரி லைட்டைத் தினமும் சார்ஜ் போட வேண்டும் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. டைனமோ வேண்டும் என்கிறார், டயரில் உரசி ஓடுமே, அதேதான். ஆனால் டைனமோ லைட் நின்றால் அணைந்துவிடுமே? சிக்னலில் நிற்கும்போது அணைந்தால் மறுபடி டிக்கெட் வருமா?

மிதிவண்டி_மாமா

வராது. 21201-ஐ எடுத்துப் படியுங்கள். சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போது எரிகிற விளக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. ஆக அப்பாவின் டைனமோ சட்டப்படி செல்லும். இருந்தாலும் பின்னால் ஒரு சின்ன பேட்டரி சிவப்பு லைட்டையும் மாட்டிவிடுங்கள், நிற்கும்போதுதான் பின்னால் வருபவர் பார்க்க வேண்டும்.

டயரில் உரசுகிற ரகம் இப்போதும் ஆன்லைனில் கிடைக்கிறது. முன் சக்கர நடுவிலேயே வைத்த டைனமோவும் உண்டு, உரசாது, சத்தமும் வராது, ஆனால் விலை அவருடைய சைக்கிளைவிட அதிகம்.

கூழாங்கல்

கேட்டுவிட்டேன். சத்தம் வர வேண்டுமாம்.